சூரியகாந்தித் தகரம்

போன குளிர்காலம் முழுக்க
நான் வண்டியை அணைக்கவே இல்லை.
சூசாமிர் பள்ளத்தாக்கில் எந்த வீட்டு வாசலிலும்
அது உறுமிக்கொண்டே நிற்கும்,
பெட்ரோலைக் குடித்துக்கொண்டே.
கணக்குப் பார்க்கும் அதிகாரி கேட்டார்:
"புருல், அது ஆம்புலன்ஸா, அடுப்பா?"
அடுப்புதான் என்றேன்.
அவருக்குக் கோபம்.

பொய்யில்லை.
புகைக்குழாய் இறங்கும் இடத்துக்கு
நாலு விரல் தள்ளி ஸ்டார்ட்டர் மோட்டார்.
எந்த மகராசன் வைத்தானோ.
ஏற்றம் ஏறி வந்தால் குழாய்
மங்கிய சிவப்பில் இருக்கும்.
ஓடும்வரை காற்று வந்து துடைத்துவிடும்.
நின்ற பிறகுதான் சூடு
அக்கம்பக்கம் பார்த்துக் குடியேறும்.
சாவியைத் திருப்பினால் ஒரே ஒரு 'டக்'.
அப்புறம் நாற்பது நிமிஷம்
பனியை அள்ளி அள்ளி அதன்மேல் அப்ப வேண்டும்.
இரண்டு மோட்டார் செத்தன.
இரண்டாவதில் கம்பியின் உறை
வெல்லப்பாகு மாதிரி வழிந்திருந்தது.

முதலில் கம்பளி சுற்றிப் பார்த்தேன்.
எங்கள் மலையில் எல்லாவற்றுக்கும் கம்பளிதான் வைத்தியம்.
மூன்றாம் நாள் வண்டிக்குள்
செம்மறியை உயிரோடு கொளுத்திய வாடை.

பிறகு வந்தது பிஷ்கெக்கிலிருந்து
கண்ணாடி இழை நாடா, பதினைந்து மீட்டர்.
வாளித் தண்ணீரில் ஊறவைத்து
பாதிக்குப் பாதி மேலேறும்படி இழுத்துச் சுற்றி
எஃகுக் கம்பியால் முறுக்கினேன்.
முழங்கை வரை அரிப்பு.
ரொட்டியைப் பிய்ப்பேன், சொறிவேன், பிய்ப்பேன்.

குழாய்க்கும் மோட்டாருக்கும் நடுவே
எண்ணெய் டின்னை வெட்டி ஒரு தகரம்.
ஒட்டிவைக்கக் கூடாது.
இரண்டு நட்டு கனத்துக்கு இடைவெளி.
தகரம் தடுப்பது பாதி,
அந்த வெற்றிடம் தடுப்பது மீதி.
டின்னில் அச்சடித்த சூரியகாந்தி
குழாய்ப் பக்கமாக முகம் வைத்து நின்றது.
திருப்பி மாட்டலாமா என்று யோசித்தேன்.
போகட்டும், அதற்குப் பழக்கம்தானே.

அன்று ராத்திரியே அழைப்பு.
குதிரை உதைத்து இடுப்பெலும்பு நொறுங்கிய தொலொகோன்.
புது நாடா முதல் சூட்டில் புகையும்.
எனக்குத் தெரியும். செவிலி அஸில்கானிடம்
சொல்ல மறந்துவிட்டேன்.
"எரியுது புருல், எரியுது!"
"எரியாமல் இருக்கத்தான் புகையுது."
படுத்திருந்தவர் சிரித்துவிட்டார்.
சிரித்ததில் வலி கொன்றது.
என்னைத் திட்டினார், என் அப்பனையும் சேர்த்து.

கணவாய் உச்சியில், சுரங்கத்தின் வாயில்
காவல்காரன் மேதெர் தடுப்பை இறக்கினான்.
"புகையும் வண்டி உள்ளே போகாது. அணை."
நாடா, வாளி, ஊறல் எல்லாம் சொன்னேன்.
"அணை."
அவன் பக்கமும் நியாயம் உண்டு:
உள்ளே நீளமான இருட்டு,
பாதி நாள் சுற்றாத காற்றாடிகள்.

அணைத்தேன்.
அந்த உயரத்து அமைதி
அதுவரை என் காதில் விழுந்ததே இல்லை.
குழாய் சுருங்கும் சின்னச் சின்னச் சொடுக்குகள்.
மேதெர் பனியில் மல்லாந்து
டார்ச்சை அடியில் அடித்துப் பார்த்தான்.
"தீ இல்லை," என்றான்.
கொஞ்சம் கழித்து,
"இங்கே ஒரு பூ இருக்கு."

புகை இளைக்கப் பன்னிரண்டு நிமிஷம்.
அஸில்கான் நாடியை எண்ணினாள்,
விட்டுவிட்டு மறுபடி முதலிலிருந்து எண்ணினாள்.

சாவி.
'டக்.'
அதே பழைய டக்.
கையை எடுத்தேன். கையுறையைக் கழற்றினேன்,
ஏனென்று இன்றைக்கும் தெரியாது.
திரும்பத் திருப்பினேன்.
தூக்கத்தில் எழுப்பிய ஆள் போல
முனகி, அரைச் சுற்று சுற்றி, யோசித்து
பிடித்துக்கொண்டது.

தடுப்பைத் தூக்கிக்கொண்டே
மேதெர் ஜன்னலைத் தட்டினான்.
"அந்த நாடா மிச்சம் இருக்கா?
என் டிராக்டருக்கும் இதே சீக்கு."
ஒன்றரை மீட்டர் இருந்தது.
தர மனமில்லை. பார்க்கலாம் என்றேன்.

காரா-பால்டாவில் தொலொகோனை இறக்கிவிட்டு
விடியலில் திரும்பியபோது
காவல் அறையில் அவன் குறட்டை.
வண்டியை அணைத்துவிட்டு இறங்கினேன்.
நாடாவைக் கதவின் பிடியில் கட்டினேன்.
முழங்கை மறுபடி அரித்தது.